ஜுரா ஒயின்களை அறிய முதலில் கேட்க வேண்டிய கேள்வி

போர்டோ, பர்கண்டி, டஸ்கனி போன்ற பெரிய பெயர்களை ஓரளவு அறிந்த ஒருவர், ஐரோப்பாவில் அதிகம் பேசப்படாத ஒயின் வட்டாரம் ஒன்றைப் பொறுமையாகப் பயில விரும்பினால் எதைத் தேர்ந்தெடுக்கலாம், எங்கிருந்து தொடங்கலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் தயங்காமல் சொல்லும் பெயர் ஜுரா. கிழக்குப் பிரான்சில், பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்து எல்லைக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மலையடிவாரம் அது. அங்கே உருவாகும் ஒயின்களுள் சில, வேறெங்கும் கிடைக்காத மணமும் சுவையும் கொண்டவை. அதனாலேயே முன்தயாரிப்பின்றி அருந்துபவர் பலர், புட்டி கெட்டுப்போய்விட்டது என்று எண்ணி விலக்கிவிடுகிறார்கள். பிற வட்டாரங்களில் ஒயினை அணுகும்போது எந்தத் திராட்சை, எந்த ஆண்டு, எந்த ஊர் என்று கேட்டுப் பழகியிருப்போம். ஜுராவில் இவை மூன்றுக்கும் முன்பாக வேறொரு கேள்வி வருகிறது: முதிர்ந்துகொண்டிருந்த காலத்தில் அந்தப் பீப்பாய் நிரப்பப்பட்டதா, நிரப்பப்படாமல் விடப்பட்டதா? இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் தாமாக ஒழுங்குபடும்.

முதலில் இடத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். திராட்சைத் தோட்டங்கள் வடக்கிலிருந்து தெற்காக ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளத்துக்கு, பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 250 முதல் 400 மீட்டர் உயரத்தில், மேய்ச்சல் நிலங்களும் காடுகளும் இடையிட விட்டுவிட்டுப் பரவியிருக்கின்றன. மொத்தப் பரப்பு 2,000 ஹெக்டேரை ஒட்டியது. போர்டோவின் பரப்பு ஒரு லட்சம் ஹெக்டேரை ஒட்டியது என்பதை நினைத்தால் இதன் சிறுமை விளங்கும். சாவோன் ஆற்றுச் சமவெளியின் மேற்குக் கரையில் பர்கண்டியின் சரிவுகள் கிழக்கு நோக்கியிருக்க, எதிர்க்கரையில் ஜுராவின் சரிவுகள் மேற்கு நோக்கியிருக்கின்றன. இரண்டும் ஒரே புவியியல் காலத்துப் படிவுகள்தாம். ஜுராசிக் என்ற காலத்துக்குப் பெயர் வந்ததே இந்த மலைகளிலிருந்துதான். ஆனால் பர்கண்டியில் சுண்ணாம்புப் பாறை மிகுதி. ஜுராவிலோ, மார்ல் எனப்படும், சுண்ணாம்பு கலந்த கனத்த களிமண் மிகுதி. ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்கிறது, குளிர்காலம் கடுமையானது. இந்த ஈரக் களிமண்ணும் குளிருமே அங்குள்ள ஒயின்களுக்குக் கூர்மையான புளிப்பைத் தருகின்றன. பல ஆண்டுகள் பீப்பாயில் கிடந்தும் அவை தளர்ந்துபோகாமல் நிற்பதற்கு இந்தப் புளிப்புதான் காரணம்.

இந்த வட்டாரம் என்றும் சிறியதாக இருந்ததில்லை. 19-ஆம் நூற்றாண்டில் இங்கே ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் திராட்சை பயிரானது. அந்நூற்றாண்டின் இறுதியில் ஃபில்லொக்ஸெரா என்னும் வேர்ப்பூச்சி ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளை அழித்தபோது ஜுராவும் அழிந்தது. ரயில் பாதைகள் வழியே தெற்குப் பிரான்சின் மலிவான ஒயின் வந்து குவிந்ததால், கொடிகளை மீண்டும் நட்டு மீள்வதற்கான பொருளியல் வலிமை விவசாயிகளுக்கு இல்லாமற்போயிற்று. அந்த நெருக்கடியில்தான் 1906-இல் ஆர்புவா நகரில் விவசாயிகளின் கூட்டுறவு ஒயின் நிலையம் உருவானது. இன்றும் இவ்வட்டாரத்தின் முக்கியமான தயாரிப்பாளர்களுள் அதுவும் ஒன்று. பிரான்சில் ஒயினின் பிறப்பிடத்தைச் சட்டத்தால் காக்கும் முறை 1936-இல் நடைமுறைக்கு வந்தபோது, முதன்முதலில் அந்த உரிமையைப் பெற்றவற்றுள் ஆர்புவாவும் இருந்தது. அதே ஆண்டில் ஷாத்தோ ஷாலோனும், 1937-இல் லெத்வால், கோத் து ஜுரா ஆகியனவும் அந்த உரிமையைப் பெற்றன. புட்டியின் முகப்பில் நீங்கள் காணப்போகும் பிறப்பிடப் பெயர்கள் பெரும்பாலும் இந்த நான்குதாம்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். மரப் பீப்பாயில் வைக்கப்பட்ட ஒயின், மரத்தின் நுண்துளைகள் வழியே மெல்ல ஆவியாகிக்கொண்டே இருக்கும். மட்டம் தாழ்ந்தால் மேலே காற்று சேரும். காற்று சேர்ந்தால் ஒயின் ஆக்சிஜனேற்றம் அடைந்து பாழாகும், அல்லது வினிகராகப் புளித்துவிடும். ஆகவே உலகின் பெரும்பாலான ஒயின் நிலவறைகளில், குறிப்பிட்ட இடைவெளிகளில் அதே ஒயினை ஊற்றிப் பீப்பாயை விளிம்புவரை நிரப்பிவைப்பது அடிப்படைக் கடமை. ஜுராவில் இந்தக் கடமையை வேண்டுமென்றே செய்யாமல் விடுவதே ஒரு கலையாக வளர்ந்திருக்கிறது. நிரப்பாமல் விட்ட பீப்பாயில், ஒயினின் மேற்பரப்பில் ஈஸ்ட் உயிரிகள் பெருகி, காய்ச்சிய பாலின் மேல் படியும் ஆடையைப் போல ஒரு மெல்லிய சாம்பல்நிறப் படலமாக விரிகின்றன. இந்த ஆடை காற்றுக்கும் ஒயினுக்கும் நடுவே நின்று, ஆக்சிஜனை மட்டாக உள்ளே விடுகிறது. சர்க்கரை தீர்ந்துபோன ஒயினில் இந்த உயிரிகள் சாராயச் சத்தையே உணவாகக்கொண்டு, அதன் ஒரு பகுதியை அசெட்டால்டிஹைடாக மாற்றுகின்றன. பச்சை அக்ரூட் (வால்நட்), வெட்டிவைத்த ஆப்பிள் ஆகியவற்றின் மணம் இதிலிருந்துதான் வருகிறது.

இவ்வாறு உருவாவதன் உச்சம்தான் வான் ஜோன் எனப்படும் மஞ்சள் ஒயின். இதைச் சாவன்யான் என்னும் ஒரே வெள்ளைத் திராட்சையிலிருந்து மட்டுமே செய்ய வேண்டும் என்பது சட்டம். அறுவடைக்குப் பின் வரும் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15-ஆம் நாள்வரை அது முதிர வேண்டும். அதில் குறைந்தது 60 மாதங்கள் பீப்பாயை நிரப்பாமல், ஆடைக்கு அடியில் கிடக்க வேண்டும். 2018-இல் பறித்த திராட்சையின் வான் ஜோன் 2025-இல்தான் கடைக்கு வரலாம். பொதுவாக 228 லிட்டர் கொள்ளும் பழைய பீப்பாய்களே பயன்படுகின்றன. புதுமரத்தின் மணம் இங்கே வேண்டப்படுவதில்லை. நிலவறை ஆண்டு முழுவதும் ஒரே குளிர்ச்சியில் இருப்பது மற்ற இடங்களில் சிறப்பு. இங்கே கோடையின் வெப்பமும் குளிர்காலத்தின் குளிரும் ஓரளவு உள்ளே வர வேண்டும் என்றே விரும்புகிறார்கள், ஏனெனில் ஆடை வெப்பத்தில் வளர்ந்து குளிரில் ஓய்வெடுப்பதாகச் சொல்கிறார்கள். எல்லாப் பீப்பாய்களும் தேறுவதில்லை. இடையிடையே மாதிரி எடுத்து ஆய்வுக்கூடத்தில் சோதித்து, வினிகர்த் தன்மை ஏறத் தொடங்கியவற்றை ஒதுக்கிவிடுவார்கள். ஆறாண்டு தாங்காது என்று தோன்றுபவற்றை முன்கூட்டியே வெளியே எடுத்து எளிய ஒயினாக விற்றுவிடுவார்கள். இறுதியில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 62 சென்டிலிட்டர் எஞ்சும் என்பது மரபான கணக்கு. வான் ஜோனுக்கு மட்டும் அனுமதிக்கப்பட்ட கிளாவ்லான் என்னும் குட்டையான, தோள் அகன்ற புட்டியின் கொள்ளளவும் அந்த 62 சென்டிலிட்டரே. விலை ஏன் அதிகம் என்று கேட்பவருக்கு இந்தப் பத்தியே பதில்.

வான் ஜோனின் மணத்தை விவரிக்கும் மேனாட்டு நூல்கள் தவறாமல் கறிப்பொடியைக் குறிப்பிடும். தமிழ் வாசகர் அதைக் கண்டு மிளகாயையோ மல்லியையோ எதிர்பார்க்க வேண்டியதில்லை; அவர்கள் சொல்வது வெந்தயத்தின் மணத்தை. இது உவமை அன்று, வேதியியல் உண்மை. வெந்தயத்துக்கு அதன் தனி மணத்தைத் தருவது சோட்டலோன் என்னும் சேர்மம்; ஆடைக்கு அடியில் நீண்ட காலம் கிடக்கும் ஒயினிலும் அதே சோட்டலோன் மெல்ல உருவாகிறது. மிகச் சிறிய அளவிலேயே மூக்குக்குத் தெரிந்துவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. வறுத்த வெந்தயத்தின் வாசனையை நாள்தோறும் அறிந்த நமக்கு, பாரிஸ் நகரத்தவரைவிட இந்த ஒயினை அடையாளம் காண்பது எளிது என்றே நான் எண்ணுகிறேன். ஆயினும் நம் காரமான குழம்புகளோடு இதை வைப்பது எனக்கு உடன்பாடில்லை. இதில் சாராயச் சத்து பொதுவாக 13 முதல் 15 விழுக்காடுவரை இருக்கும். அது மிளகாயின் எரிச்சலைத் தூக்கிக்காட்டும், ஒயினின் நுட்பம் காணாமற்போகும்.

ஸ்பெயினின் ஷெர்ரி ஒயினை அறிந்தவர்கள் இதுவும் அதுதானே என்று கேட்பதுண்டு. ஷெர்ரியின் ஃபினோ வகையும் ஈஸ்ட் ஆடைக்கு அடியில் முதிர்வதே. ஆனால் ஷெர்ரியில் பொதுவாகத் திராட்சைச் சாராயத்தைச் சேர்த்துச் செறிவைக் கூட்டுகிறார்கள். பல ஆண்டுகளின் ஒயின்களை அடுக்குமுறையில் கலந்துகொண்டே போகிறார்கள். வான் ஜோனில் சாராயம் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு புட்டியும் ஓர் ஆண்டின் அறுவடையை மட்டுமே கொண்டது. புளிப்பும் இதில் மிகக் கூர்மை. வான் ஜோனுக்கு மிக உயர்ந்த இடமாகக் கருதப்படுவது, குன்றின் உச்சியில் அமைந்த ஷாத்தோ ஷாலோன். அந்தப் பெயரில் வான் ஜோன் தவிர வேறெதையும் விற்க முடியாது. அறுவடைக்கு முன் கொடிகளைப் பார்வையிட்டு, தரம் போதாது என்றால் அந்த ஆண்டு முழுவதையும் கைவிடும் வழக்கம் அங்கே உண்டு. 1974, 1980, 1984, 2001 ஆகிய ஆண்டுகளுக்கு ஷாத்தோ ஷாலோன் ஒயினே இல்லை. இந்த ஒயின்கள் எவ்வளவு காலம் நிலைக்கும் என்பதற்கு ஒரு செய்தி போதும்: 1774-ஆம் ஆண்டின் வான் ஜோன் புட்டி ஒன்று 2018-இல் லோன் ல சோனியே நகரில் நடந்த ஏலத்தில் 1,03,700 யூரோவுக்கு விலைபோனது.

இந்த இடத்தில் லூயி பாஸ்டரைச் சொல்லாமல் போக முடியாது. 1822-இல் ஜுராவின் தோல் நகரில் பிறந்து ஆர்புவாவில் வளர்ந்த அவர், ஒயின் ஏன் கெடுகிறது என்று ஆராயும்படி மூன்றாம் நெப்போலியன் கேட்டுக்கொண்டபோது, தம் ஊரின் ஒயின்களையே எடுத்துக்கொண்டார். காற்றுக்கும் நுண்ணுயிரிகளுக்கும் ஒயினுக்கும் உள்ள உறவை, மேற்பரப்பில் படியும் படலங்கள் உட்பட, அவர் ஆராய்ந்ததன் முடிவுகள் 1866-இல் நூலாக வந்தன. மிதமாகச் சூடாக்கிக் கிருமிகளை அடக்கும் முறையும் அந்த ஆய்வின் வழியே உருப்பெற்றது. பால் பாக்கெட்டில் நாம் நாள்தோறும் படிக்கும் அந்தப் பதப்படுத்தல் முறைக்கும், குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் தடுப்பூசி நிலையத்துக்கும் ஒரே மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியும். அந்த முறையின் தொடக்கத்தில் ஜுரா ஒயின் இருந்தது என்பது அவ்வளவாகத் தெரியாது. 1874-இல் அவர் ஆர்புவாவுக்கு அருகே தம் சோதனைகளுக்காகவே ஒரு திராட்சைத் தோட்டத்தையும் வாங்கினார்.

பீப்பாயை நிரப்பிச் செய்யும் வெள்ளை ஒயின்களும் ஜுராவில் ஏராளம். இன்று அவையே பெருகிவருகின்றன. முகப்பில் ஊயே என்ற சொல் இருந்தால் அது நிரப்பப்பட்டது. சூ வுவால், திராதிசியோன் ஆகிய சொற்களில் ஒன்றோ, ஆண்டுக்கணக்கில் பீப்பாயில் வைத்ததாகக் குறிப்போ இருந்தால் பெரும்பாலும் ஆடைக்கு அடியில் முதிர்ந்தது. ஒன்றுமே எழுதாத புட்டிகளும் உண்டு; அப்போது கடைக்காரரிடம் கேட்பதுதான் வழி, இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. மொத்தப் பரப்பில் ஐந்தில் இரண்டு பங்குக்கும் மேல் இருப்பது ஷார்தொனே; பர்கண்டியின் அதே திராட்சை இங்கே களிமண்ணில் சற்றே இறுக்கமாக, உப்புத்தன்மையோடு வருகிறது. சாவன்யானும் நடு ஐரோப்பாவின் டிராமினர் திராட்சையும் மரபணு நோக்கில் ஒன்றே. ஆனால் ரோஜா மணம் கமழும் கெவுர்ஸ்டிராமினர் அதன் ஒரு திரிபு என்பதை வைத்து அதே மணத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும். நிரப்பப்பட்ட சாவன்யானில் எலுமிச்சையும் இஞ்சியும் கலந்தாற்போன்ற மணமும், நாவின் ஓரங்களை நிமிர்த்தும் புளிப்பும் இருக்கும். இந்த வட்டாரத்தில் விலைக்கும் தரத்துக்கும் உள்ள பொருத்தம் இதில்தான் மிகச் சிறந்தது என்பது என் கருத்து.

சிவப்பு ஒயின்களைப் பற்றிய எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்ள வேண்டும். பூல்சார் திராட்சையின் தோல் மிக மெல்லியது. அதன் ஒயின் ரோஸே எனப்படும் இளஞ்சிவப்பு வகையோ என்று ஐயுறும் அளவுக்கு வெளிர்நிறமாக இருக்கும். நிறத்தைக் கண்டு அதைப் பலவீனமானது என்று முடிவுகட்டிவிடக் கூடாது; மண்ணும் காட்டுப்பழமும் கலந்த அதன் மணம் நெடுநேரம் நிற்கும். பியூப்பியான் என்னும் சிற்றூர் இதற்குப் பெயர்பெற்றது. அதே ஊரின் பியேர் ஓவர்னுவா, 1980-களிலேயே கந்தகம் சேர்க்காமல் ஒயின் செய்யத் தொடங்கி, இயற்கை ஒயின் இயக்கத்தின் முன்னோடிகளுள் ஒருவராக மதிக்கப்படுகிறார். துரூஸோ என்னும் மற்றொரு சிவப்புத் திராட்சையின் ஒயின் இதைவிட அடர்த்தியானது. அந்தத் திராட்சை வெப்பமான, சரளைக்கல் கலந்த நிலம் கேட்பது. போர்ச்சுகலில் பஸ்தார்தோ என வழங்குவதும் இதுவே. பினோ நுவாரும் பயிராகிறது. பர்கண்டி அவ்வளவு அருகில் இருக்கையில் அதற்காக ஜுராவரை வரத் தேவையில்லை.

பிற வகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரெமான் து ஜுரா, புட்டிக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்கவைத்துச் செய்யும் நுரைக்கும் ஒயின். 1995 முதல் சட்ட உரிமை பெற்றது. ஷாம்பேனின் விலையில் ஒரு பகுதிதான். வான் த பாய், பறித்த திராட்சையைக் குறைந்தது ஆறு வாரம் வைக்கோலிலோ பெட்டிகளிலோ கொக்கிகளிலோ காயவைத்துப் பிழிந்து, மூன்றாண்டு முதிரவைத்துச் செய்யும் இனிப்பு ஒயின். 100 கிலோ திராட்சை இருபது லிட்டர்கூடத் தருவதில்லை என்பதால் அரைப்புட்டியில் மட்டுமே வரும். மக்வான், நொதிக்காத திராட்சைச் சாற்றில் பிழிந்த திராட்சைச் சக்கையிலிருந்து அவ்வூரில் வடித்த சாராயத்தைச் சேர்த்தது; இனிப்பும் காட்டமும் மிக்கது. எனக்கு அதன் மேல் பெரிய ஈடுபாடு இல்லை.

தொடங்கும் வரிசைக்கு வருகிறேன். வான் ஜோன்தான் ஜுராவின் அடையாளம் என்று படித்துவிட்டு, முதல் புட்டியாக அதையே வாங்குவது நல்லதன்று. அது விலை மிக்கது. பழகாத நாவுக்கு முரடானது. முதலில் நிரப்பப்பட்ட ஷார்தொனே ஒன்றை அருந்துங்கள். ஏற்கெனவே அறிந்த திராட்சை என்பதால் நிலத்தின் வேறுபாடு மட்டும் தெளிவாகத் தெரியும். அடுத்து நிரப்பப்பட்ட சாவன்யான். அதன் பின், ஆடைக்கு அடியில் இரண்டு மூன்று ஆண்டுகள் இருந்த சாவன்யானையோ, ஷார்தொனேயோடு கலந்த ஒன்றையோ எடுத்தால், திராட்சை மாறாதபோது பீப்பாய் செய்யும் வேலை எது என்பது நாவிலேயே விளங்கிவிடும். முடிந்தால் நிரப்பப்பட்டது, நிரப்பப்படாதது ஆகிய இவ்விரண்டையும் ஒரே தயாரிப்பாளரிடமிருந்து வாங்கி அருகருகே வைத்து ஒப்பிடுங்கள். வான் ஜோன் அதற்குப் பிறகுதான். பல வகைகளை ஒரே அமர்வில் சுவைப்பதானால், ஜுராவின் வழக்கப்படி சிவப்பை முதலிலும் வெள்ளையைப் பின்னரும் வைக்க வேண்டும். ஆடைக்கு அடியில் முதிர்ந்த வெள்ளையின் வீச்சுக்குப் பின் மெல்லிய பூல்சார் நாவில் பதியாது.

வான் ஜோனைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் அருந்தக் கூடாது. 14 முதல் 16 டிகிரி செல்சியஸ் அளவில், சில மணி நேரம் முன்பே திறந்துவைத்துப் பரிமாறினால்தான் அதன் மணம் விரியும். ஆக்சிஜனோடு ஆறாண்டு வாழ்ந்த ஒயின் என்பதால், திறந்த புட்டியை மூடிக் குளிரில் வைத்தால் வாரக்கணக்கில் நன்றாகவே இருக்கும். ஒரே இரவில் தீர்த்தாக வேண்டிய கட்டாயம் இல்லை. எனவே நான்கைந்து பேர் சேர்ந்து ஒரு கிளாவ்லானை வாங்கிப் பகிர்ந்துகொள்வது விலையைத் தாங்கும் நல்ல வழி. உணவென்றால், அதே மலைகளில் செய்யப்படும் கோன்தே பாலாடைக்கட்டி, குறிப்பாக ஓராண்டுக்கு மேல் முதிர்ந்தது, இதற்கு நிகரற்ற துணை. வான் ஜோனும் பாலேடும் மோரல் காளானும் சேர்த்துச் சமைத்த சேவல்கறி அவ்வூரின் விருந்து உணவு.

விலையைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. கடந்த இருபது ஆண்டுகளில் பாரிஸ், நியூயார்க், டோக்கியோ உணவகங்களில் ஜுரா ஒரு மோகமாகிவிட்டது. பர்கண்டியின் பெயர்பெற்ற தயாரிப்பாளர் கியோம் தான்ஜர்வீல் 2012-இல் ஆர்புவாவில் தோட்டம் தொடங்கியதே அந்த மாற்றத்தின் அறிகுறி. மறுபக்கம், ஏப்ரல் உறைபனி இளந்தளிர்களைக் கருக்குவது அடிக்கடி நிகழ்கிறது. 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் விளைச்சலின் பெரும்பகுதி அழிந்தது. தேவை ஏறி விளைச்சல் இறங்கியதால், ஓவர்னுவா போன்றோரின் புட்டிகள் இன்று சேகரிப்பாளர்களின் கையில்தான் புழங்குகின்றன. அவற்றைத் துரத்துவதில் பயனில்லை. ஆர்புவாவின் கூட்டுறவு நிலையமும், ஸ்தெஃபான் திசோ போன்ற தயாரிப்பாளர்களின் எளிய புட்டிகளும், ஷாத்தோ ஷாலோனுக்கு மாக்ல் குடும்பத்தின் ஒயினும் கற்பதற்குப் போதுமானவை. திசோ என்ற குடும்பப் பெயரில் அந்த ஊரில் பல தயாரிப்பாளர்கள் உள்ளதால், முதற்பெயரையும் பார்த்து வாங்க வேண்டும்.

நேரில் செல்ல வாய்ப்பிருந்தால், பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேர அளவில் தோல் நகரை அடைந்து, அங்கிருந்து ஆர்புவாவுக்குச் செல்லலாம். பாஸ்டரின் வீடு அங்கே அருங்காட்சியகமாக உள்ளது. 1997 முதல் பிப்ரவரித் தொடக்கத்தில், ஆண்டுக்கோர் ஊராக மாற்றி, புதிதாக விற்பனைக்கு வரும் வான் ஜோன் பீப்பாயைத் திறக்கும் விழா நடக்கிறது. கூட்டமும் குளிரும் மிகுதி. ஒயினைப் பயில வருபவருக்கு ஜூன் மாதமே ஏற்றது, ஏனெனில் அறுவடைக்கு முந்தைய அந்த நாட்களில் தயாரிப்பாளர்களுக்கு வந்தவரோடு உட்கார்ந்து பேச நேரம் கிடைக்கும். சிறிய தோட்டக்காரர்களிடம் முன்கூட்டியே எழுதி நேரம் பெற்றுக்கொண்டு செல்லுங்கள். பலரிடம் விற்பதற்கே புட்டிகள் எஞ்சியிருப்பதில்லை, ஆனால் பீப்பாயிலிருந்து ஒரு மிடறு எடுத்துச் சுவைக்கத் தர மறுப்பவர் குறைவு.